கர்ப்பத்தில் வலிப்பு மாத்திரையும் குறையும் பிளேட்லெட்டும்: நிறுத்தலாமா?

கேள்வி, மார்ச் 3, இரவு 9.50

மனைவிக்கு 27வது வாரம். பத்து வருடமாக வால்ப்ரோயேட் எடுக்கிறாள், இப்போது நாளுக்கு 1000 மி.கி. நேற்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 84,000 என்று வந்திருக்கிறது. வலிப்பு மாத்திரை ரத்தத்தைக் கெடுக்கும், பிள்ளை பிறக்கும்வரை நிறுத்திவிடுவதுதான் நல்லது என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. டாக்டரைப் பார்க்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதுவரை நிறுத்தி வைக்கலாமா?

மார்ச் 3, இரவு 10.40

நிறுத்தாதீர்கள். இன்று இரவு மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான்கு நாள் காத்திருக்கவும் வேண்டாம். காலையில் நரம்பியல் டாக்டர், பிரசவ டாக்டர் இரண்டு பேருக்கும் போன் செய்து அந்த எண்ணைச் சொல்லுங்கள். ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டு, கெண்டைக்காலில் ஊசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள், யோனியில் ரத்தக்கசிவு, தாங்க முடியாத தலைவலி, மேல் வயிற்றில் வலது பக்கம் வலி. இதில் ஒன்று இருந்தாலும் போன் வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

மார்ச் 3, இரவு 11.25

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நான் நிறுத்திப் பார்த்தவள் என்பதுதான்.

பதினைந்து வயதிலிருந்து எனக்கு வலிப்பு. காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று துள்ளும், கையிலிருக்கும் டம்ளர் பறக்கும். அந்த வகை வலிப்புக்கு வால்ப்ரோயேட் நன்றாகக் கேட்கும். முதல் பிள்ளை வயிற்றில் 31 வாரம் இருக்கும்போது ஒரு ரிப்போர்ட் வந்தது. பிளேட்லெட் 38,000. எண்ணுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி, தடித்த எழுத்தில். அந்த அம்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை உறையில் இருந்த துண்டுச்சீட்டை எடுத்துப் படித்தேன். ‘ரத்தத்தட்டுகள் குறையலாம்’ என்று அதில் இருந்தது. அப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை. அன்று இரவு மாத்திரையைத் தொடவில்லை, மறுநாளும் தொடவில்லை.

மூன்றாம் நாள் காலை குளியலறை வாசலில் விழுந்தேன். நல்லவேளை, பக்கவாட்டில் விழுந்ததால் வயிறு தப்பியது. கண் விழித்தபோது நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். பிள்ளையின் துடிப்பு மானிட்டரில் கேட்கும்வரை நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

மருத்துவமனையில் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். எண்ணிக்கை லட்சத்துக்கு மேல். முதல் ரிப்போர்ட் மெஷின் தப்பு. இல்லாத பிரச்சினைக்காக மாத்திரையை விட்டு, இருக்கிற பிரச்சினையை வரவழைத்துக்கொண்டேன்.

மார்ச் 4, காலை 6.15

மெஷின் தப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். உங்களுக்கு உடனே பயன்படக்கூடியது என்பதால் விளக்கிவிடுகிறேன்.

ரத்த எண்ணிக்கைக்கு எடுப்பது ஊதா மூடி போட்ட குழாய். ரத்தம் உறையாமலிருக்க அதில் ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து இருக்கும். சிலருடைய பிளேட்லெட் அந்த மருந்து பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். மெஷினுக்கு அது பிளேட்லெட் என்று தெரியாததால் எண்ணாமல் விட்டுவிடும். உடம்புக்குள் எல்லாம் சரியாகவே இருக்கும், குறைவது குழாய்க்குள் மட்டும்தான்.

கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் மனிதக் கண்ணால் பார்ப்பது ஒன்று. வெளிர்நீல மூடி போட்ட சிட்ரேட் குழாயில் எடுத்துத் திரும்ப எண்ணுவது இன்னொன்று. சிட்ரேட் திரவமாக இருப்பதால் ரத்தம் கொஞ்சம் நீர்த்துப்போகும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற கணக்கு. அதனால் வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும்.

எனக்கு அதைப் பார்த்துச் சொன்னது லேப் டெக்னீஷியன் ஒரு பெண். “கட்டி கட்டியா சேர்ந்திருக்கும்மா, வந்து பாருங்க” என்று கூப்பிட்டுக் காட்டினாள். இளஞ்சிவப்பு வட்டங்களுக்கு நடுவில் ஊதாத் துகள்கள், தேன்கூட்டில் ஈ மொய்த்த மாதிரி ஒரே இடத்தில் குவிந்திருந்தன.

டாக்டரிடம் போனில் பேசும்போது, தகட்டில் தேய்த்துப் பார்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

மார்ச் 4, பிற்பகல் 1.05

வேலைக்கு நடுவில் வந்தேன். ‘ரத்தத்தைக் கெடுக்கும்’ என்ற பேச்சு எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அப்படி மொத்தமாக எதுவும் கெடுவதில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு வழி.

வால்ப்ரோயேட் தொடுவது பெரும்பாலும் பிளேட்லெட்டைத்தான், அதுவும் அளவைப் பொறுத்தது. அடுத்த வேளை மாத்திரைக்கு முன் எடுத்த ரத்தத்தில் மருந்தின் அளவு மில்லிலிட்டருக்கு 110 மைக்ரோகிராமைத் தாண்டினால், பெண்களுக்குப் பிளேட்லெட் குறையும் வாய்ப்பு நன்றாக ஏறும். ஆண்களுக்கு அந்த எல்லை 135. அளவோடு சேர்ந்து ஏறி இறங்குகிற விளைவு என்பதால், டோஸைக் குறைத்தால் பெரும்பாலும் எண்ணிக்கை திரும்பி வரும். அதைச் செய்ய வேண்டியது டாக்டர், படிப்படியாக.

எண்ணிக்கை சரியாக இருந்தும் வேலை சரியில்லாமல் போவதும் இந்த மருந்தில் உண்டு. பிளேட்லெட் ஒட்டும் தன்மை குறையலாம், ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட், ஃபைப்ரினோஜன் என்ற புரதங்களும் குறையலாம். அதனால் பிரசவத்துக்கு முன் பிளேட்லெட்டோடு ரத்தம் உறையும் பரிசோதனைகளையும் பார்த்துவிடுவது நல்லது. ரிப்போர்ட்டைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஃபைப்ரினோஜன் 400-க்கு மேல் ஏறுவது வழக்கம். லேப் தாளில் ‘இயல்பு 200 முதல் 400’ என்று அச்சடித்திருப்பது கர்ப்பமில்லாதவர்களுக்கான கணக்கு. 210 என்று வந்தால் தாளில் அம்புக்குறி வராது, ஆனால் எட்டு மாதக் கர்ப்பிணிக்கு அது குறைவுதான்.

மார்ச் 4, இரவு 9.30

பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். இரண்டு திருத்தம்.

ஒன்று, நான் 38,000 என்று எழுதியது தப்பு. ரிப்போர்ட்டில் இருப்பது 58,000. பயம் அதை இத்தனை வருடத்தில் 20,000 குறைத்துவிட்டிருக்கிறது.

இரண்டாவதுதான் முக்கியம். சிட்ரேட் குழாயில் வந்தது 1,06,000. பெருக்கினால் கிட்டத்தட்ட 1,17,000. கர்ப்பத்துக்கு முன் எனக்கு இருந்தது 1,70,000. ஆக, மெஷின் பாதியைத்தான் தப்பாகச் சொன்னது. மீதிக் குறைவு நிஜம். ‘இல்லாத பிரச்சினை’ என்று நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

மார்ச் 5, காலை 7.00

அந்த மீதிக் குறைவு எங்கிருந்து வந்தது? அப்போது நான் மாத்திரையைத்தான் குற்றம் சொன்னேன். பிள்ளை பிறந்து ஆறு வாரம் கழித்து எடுத்ததில் 1,60,000. அதே மாத்திரை, அதே டோஸ். மாத்திரைதான் முக்கியக் காரணம் என்றால் எண்ணிக்கை ஏறியிருக்கக் கூடாது. என் விஷயத்தில் பெரும்பங்கு கர்ப்பத்தினுடையது.

கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது, சிவப்பணு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனால் ஹீமோகுளோபின் 11 வரை, நடு மூன்று மாதங்களில் 10.5 வரை இறங்குவதை ரத்தசோகை என்று சொல்வதில்லை. பிளேட்லெட்டும் அப்படித்தான். எந்த மாத்திரையும் எடுக்காத கர்ப்பிணிகளிலேயே நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போகும். பெரும்பாலும் லட்சத்துக்கு மேலேயே நிற்கும், தாய்க்கோ பிள்ளைக்கோ கெடுதல் செய்யாது, பிரசவத்துக்குப் பிறகு தானாக ஏறிவிடும்.

தம்பி, உங்கள் மனைவியின் 84,000 அந்தக் கணக்குக்குள் அழகாக உட்காரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மார்ச் 6, இரவு 8.10

நீங்கள் நேற்று எழுதியதைப் பார்த்தேன். தகட்டில் கட்டி எதுவும் இல்லை, திரும்ப எடுத்ததிலும் 88,000, மருந்தின் அளவு மேல் எல்லைக்குப் பக்கத்தில். அப்படியென்றால் உங்களுடையது நிஜமான குறைவு. குழாய்க் கதையை நீளமாக எழுதி உங்களுக்கு வீண் நம்பிக்கை கொடுத்துவிட்டேனோ என்று நேற்று முழுக்க மனசு கேட்கவில்லை. என் கதை உங்கள் மனைவியின் கதை இல்லை.

ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிறுநீரில் புரதம் இல்லை, ஈரல் என்சைம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இருபது வாரத்துக்குப் பிறகு பிளேட்லெட் குறைந்தால் முதலில் விலக்க வேண்டியது கர்ப்பகால ரத்தக்கொதிப்பும் அதன் கடுமையான வடிவமான ஹெல்ப் சிண்ட்ரோமும். ஹெல்ப்பில் சிவப்பணு உடையும், ஈரல் என்சைம் ஏறும், பிளேட்லெட் விழும், மணிக்கணக்கில் நிலைமை மாறும். வலிப்பு நோய் உள்ளவளுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. அவளுக்கு ஃபிட்ஸ் வந்தால் ‘பழைய வியாதிதானே’ என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். அது ரத்தக்கொதிப்பால் வந்த ஜன்னியாகவும் இருக்கலாம், அதற்குச் சிகிச்சை மெக்னீசியம் சல்பேட். இருபது வாரத்துக்குப் பிறகு ஃபிட்ஸ் வந்தால், எத்தனை வருடப் பழைய வலிப்பாக இருந்தாலும், பி.பி. பார்க்கச் சொல்லுங்கள்.

மார்ச் 6, இரவு 8.30

ரத்தக்கொதிப்பு வராமலிருக்கச் சிறிய அளவு ஆஸ்பிரின் எடுக்கிறாளா? எடுத்தால் அதையும் நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரினும் பிளேட்லெட்டின் ஒட்டும் தன்மையைக் குறைக்கும். இரண்டு டாக்டர்கள் இரண்டு சீட்டு எழுதும்போது இதெல்லாம் நடுவில் விழுந்துவிடும். எல்லா மாத்திரையையும் ஒரே தாளில் எழுதி இருவருக்கும் காட்டுங்கள்.

மார்ச் 8, இரவு 10.15

கார்பமாசெபைன், ஃபெனிட்டோயின் என்ற வேறு வலிப்பு மாத்திரைகள் எடுப்பவர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் அவற்றை எடுத்ததில்லை. என் அக்கா இருபது வருடம் ஃபெனிட்டோயின் எடுத்தவள், அவளோடு எல்லா டாக்டரிடமும் போனவள் நான்.

ஃபெனிட்டோயினும் ஃபீனோபார்பிட்டோன் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் ஃபோலிக் ஆசிட்டைக் குறைக்கும். சிவப்பணு பெரிதாகி, எண்ணிக்கை குறைந்து, ஒருவகை ரத்தசோகை வரும். ரிப்போர்ட்டில் சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. என்ற எண் 100-ஐத் தாண்டுவது அதன் அடையாளம். அக்காவுக்கு எம்.சி.வி. 88 என்று ஒழுங்காகவே இருந்தது. ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்கும், நாக்கு சிவந்து வழவழவென்று இருக்கும். அப்புறம்தான் தெரிந்தது, இரும்புச்சத்தும் குறைவு. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், ஃபோலிக் ஆசிட் குறைந்தால் பெருக்கும். இரண்டும் கலந்தால் சராசரி நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தகட்டில் பார்த்தால் சின்னதும் பெரியதுமாக இரண்டு கூட்டம் தெரியும்.

இன்னொன்று. ஃபோலிக் ஆசிட்டை அதிக அளவில் தொடங்கும் முன் பி12 பார்த்துவிட வேண்டும். பி12 குறைவாக இருந்தால் ஃபோலிக் ஆசிட் ரத்தத்தைச் சரி செய்துவிடும், நரம்புக்கு ஆகும் சேதம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

கார்பமாசெபைன் வெள்ளை அணுவைக் குறைக்கும். பெரும்பாலும் லேசாக, தானாகச் சரியாகும் வகை. எலும்பு மஜ்ஜையே நின்றுபோவது மிக மிக அபூர்வம். மருந்தே எடுக்காத பொதுமக்களில் மஜ்ஜை செயலிழப்பு வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு, வெள்ளை அணு அற்றுப்போவது ஆறு பேருக்கு. கார்பமாசெபைன் அதை ஐந்து முதல் எட்டு மடங்கு ஆக்குகிறது. எட்டு மடங்கு என்று கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் எதை எட்டால் பெருக்குகிறோம் என்று பாருங்கள். காய்ச்சல், தொண்டைப் புண், வாய்ப்புண், திடீர் நீலத் திட்டு வந்தால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கர்ப்பத்தில் வெள்ளை அணு இயல்பாகவே ஏறும். அதனால் 4,500 என்பது தாளில் சரியாகத் தெரிந்தாலும் கர்ப்பிணிக்குக் கொஞ்சம் குறைவுதான். ஃபைப்ரினோஜன் பற்றிச் சொன்ன அதே விஷயம்.

மார்ச் 9, காலை 5.50

ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘வால்ப்ரோயேட் பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்தும் ஏன் எடுத்தீர்கள்?’

தூக்கம் போய்விட்டது. பதில் சொல்கிறேன்.

கேள்வி நியாயமானது. வால்ப்ரோயேட் எடுக்கும் தாய்மாருக்குப் பிறக்கும் பிள்ளைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு. பல நாடுகளின் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனிக்கும் யூராப் பதிவேடு 2018-ல் வெளியிட்ட கணக்கில் வால்ப்ரோயேட்டுக்கு 10.3 சதவீதம், மற்ற வலிப்பு மருந்துகளான லாமோட்ரிஜினுக்கு 2.9, லெவெடிராசெட்டத்துக்கு 2.8. வளர்ச்சியிலும் கற்றலிலும் பாதிப்பு வரும் பிள்ளைகள் நூற்றுக்கு முப்பது நாற்பது. அதனால்தான் வேறு மருந்தில் வலிப்பு கட்டுப்படாதவர்களுக்குத் தவிர, கர்ப்பத்தில் இதைக் கொடுப்பதில்லை.

நான் கர்ப்பத்துக்கு இரண்டு வருடம் முன்பே மாற்ற முயன்றேன். லெவெடிராசெட்டத்துக்கு முழுதாக மாறியதும் நான்கு மாதத்தில் மூன்று பெரிய ஃபிட்ஸ், ஒன்று சாலையைக் கடக்கும்போது. கடைசியில் லெவெடிராசெட்டத்தோடு வால்ப்ரோயேட் 600 மி.கி. என்று நின்றோம். டாக்டர் என்னை உட்காரவைத்து இந்த எண்களையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். ஒரு வாரம் யோசித்துத்தான் சரி என்றேன். என் மகன் இப்போது நன்றாக இருக்கிறான். அதை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். மருந்து மாற்றும் பேச்சு கருத்தரிக்கும் முன் நடக்க வேண்டும். ஏழாவது மாதத்தில் பிளேட்லெட் எண்ணைப் பார்த்துப் பயந்து ஒரே நாளில் நடக்கக் கூடாது.

மார்ச் 9, இரவு 9.00

பிறக்கும் பிள்ளையின் ரத்தத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஃபெனிட்டோயின், ஃபீனோபார்பிட்டோன், பிரிமிடோன், கார்பமாசெபைன் ஆகியவை ஈரலின் என்சைம்களை வேகமாக வேலை செய்ய வைக்கும். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் வைட்டமின் கே அதில் குறையலாம். அப்படிக் குறைந்தால் பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே ரத்தம் கசியலாம், மூளைக்குள்கூட. தடுக்கும் வழி எளிது. பிறந்தவுடன் தொடையில் 1 மி.கி. வைட்டமின் கே ஊசி. குறைமாதப் பிள்ளைக்கு அளவு குறையும்.

வால்ப்ரோயேட்டில் வழி வேறு. தாயின் மருந்தால் பிள்ளைக்கும் ஃபைப்ரினோஜனும் பிளேட்லெட்டும் குறையலாம், வைட்டமின் கே அதைச் சரி செய்யாது. அதனால் பிள்ளைக்கு இவற்றையும் பார்க்க வேண்டுமா என்று குழந்தை டாக்டரிடம் பிரசவத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். ஊசி இந்தப் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

மார்ச் 10, காலை 6.40

தாய்க்கும் கடைசி மாதத்தில் வைட்டமின் கே மாத்திரை கொடுப்பார்களே என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். முன்பு அப்படிக் கொடுப்பது வழக்கம், நாளுக்கு 10 மி.கி. அக்காவுக்கும் கொடுத்தார்கள். 2002-ல் ஃபின்லாந்தில், இந்த வகை மருந்து எடுத்த தாய்மாருக்குப் பிறந்த அறுநூற்றுச் சொச்சம் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாருக்கும் பிறந்ததும் ஊசி போட்டிருந்தார்கள். ரத்தக்கசிவில் பெரிய வித்தியாசம் இல்லை. அதன் பிறகு எல்லாத் தாய்மாருக்கும் மாத்திரை என்ற வழக்கம் குறைந்தது. பிள்ளைக்கான ஊசி மட்டும் மாறவில்லை.

ஏப்ரல் 21, இரவு 10.05

34வது வாரம், 1,12,000! லெவெடிராசெட்டம் சேர்த்து, வால்ப்ரோயேட்டை மெல்லக் குறைத்து, ஃபிட்ஸும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்தேன். எண்ணிக்கை டோஸோடு சேர்ந்து ஏறியிருப்பதால் உங்கள் மனைவிக்கு மாத்திரையும் ஒரு காரணமாக இருந்திருக்கிறது. பெரியவர்கள் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது. அவர்களிடம் அதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

முதுகில் ஊசி போட்டு வலி குறைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்பு அதற்குப் பிளேட்லெட் லட்சம் வேண்டும் என்பார்கள். 2021-ல் மயக்கவியல் டாக்டர்கள் சேர்ந்து வகுத்த வழிகாட்டுதலில், வேறு ரத்தக்கோளாறு இல்லாவிட்டால் 70,000 வரை பெரும்பாலும் போடலாம் என்று வந்தது. வால்ப்ரோயேட்டில் பிளேட்லெட்டின் வேலையும் குறையலாம் என்று சொன்னேன் அல்லவா, அதனால் மயக்க டாக்டரைப் பிரசவ வலி வரும் முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லெவெடிராசெட்டத்தின் அளவு கர்ப்பத்தில் ரத்தத்தில் இறங்கும், லாமோட்ரிஜின் இன்னும் அதிகமாக இறங்கும். அதற்காக ஏற்றிய டோஸைப் பிரசவத்துக்குப் பிறகு திரும்ப இறக்க வேண்டும். அதற்கான தாளை இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 21, இரவு 10.20

ஒன்று விட்டுப்போனது. வலி எடுத்த இரவில் என் மாத்திரையை யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குக் கை ஒருமுறை வெடுக்கென்று துள்ளியபோதுதான் ஞாபகம் வந்தது. நர்ஸ் ஓடிப்போய் எடுத்து வந்தார். இரண்டு நாள் மாத்திரையை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, வேளை எழுதி ஒட்டி, இப்போதே பையின் மேல் அறையில் வையுங்கள். பிரசவ அறையில் யார் கூட இருப்பார்களோ அவர்களிடம் அந்த டப்பாவைக் காட்டி வையுங்கள்.